துணை வழிதவறிய பிறகு வரும் நோய்ப் பயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். டாக்டர் இல்லை. ஊசி ஏறும்போது யாரும் பேசமாட்டார்கள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு நிமிடத்தில்தான் "அக்கா, யார்ட்டயும் சொல்லிராதீங்க" என்று ஆரம்பிப்பார்கள். கணவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்க, ஒரு வாட்ஸாப் செய்தியில் அவருடைய கள்ள உறவு தெரிந்துபோன பெண்கள் வருவார்கள். தானே தப்புப் பண்ணிவிட்டு நிமிர்ந்து பார்க்க முடியாமல் ஆண்களும் வருவார்கள், சில பெண்களும் வருவார்கள். ஆள் மாறும், சந்தேகம் மாறாது. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கிருமி ஒரு கணக்கு, துரோகம் வேறு கணக்கு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதினால் ஐந்தொகை நேராகாது. கீழே பல இடத்தில் இதையே பிடிவாதமாகத் திரும்பச் சொல்லியிருப்பேன்.

1. "அவுக வேற ஒருத்தியோட இருந்தது தெரிஞ்சு போச்சு. எனக்கும் ஏதாவது வந்திருக்குமா?"

வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். அந்த மூன்றாவது ஆளுக்கு நோய் இருந்ததா, ஆணுறை போட்டார்களா, அதன் பிறகு நீங்களும் அவரும் சேர்ந்தீர்களா என்பதையெல்லாம் பொறுத்தது அது. தவறு நடந்தாலே நோய் வந்தாக வேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது.

எல்லோரும் எச்.ஐ.வி.யை நினைத்துத்தான் நடுங்குகிறார்கள். சிகிச்சை எடுக்காத ஒரு எச்.ஐ.வி. ஆணோடு பெண்ணுறுப்பு வழியாக உறவு கொண்டால், 10,000 முறைக்குச் சுமார் 8 முறை தொற்றும் என்பது மருத்துவக் கணக்கு. புண் இருந்தால் இது கூடும். வெட்டை நோய் என்று பெரியவர்கள் சொல்லும் கொனோரியா, அதோடு கிளமிடியா, மேகப்புண் எனப்படும் சிஃபிலிஸ் எல்லாம் இதைவிட மிக எளிதாகத் தொற்றக்கூடியவை. இந்த மூன்றுமே மருந்தில் குணமாகும். பயப்படும் வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்.

2. "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே. அப்புறம் எதுக்கு டெஸ்ட்?"

தொந்தரவே இல்லாமல் இருப்பதுதான் இந்த நோய்களின் குணம். கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. உள்ளேயே இருந்து கருக்குழாயைக் கெடுக்கும். பிறகு "குழந்தை நிற்கவில்லை" என்று மதுரைக்கும் திருச்சிக்கும் அலைவார்கள். சிஃபிலிஸ் புண் வலிக்காது, மருந்தில்லாமல் தானே ஆறியும் விடும். புண் ஆறிவிட்டது, நோய் போய்விட்டது என்று நினைத்தவர்கள் நிறைய. போயிருக்காது. ரத்தத்தில் உட்கார்ந்திருக்கும்.

3. "நேத்துதான் நடந்துச்சு. இன்னைக்கே ரத்தம் எடுத்தா தெரிஞ்சிருமா?"

தெரியாது. இன்று எடுத்தால் நேற்றைக்கு முன்னால் இருந்த நிலவரம்தான் தெரியும். கிருமி உடம்பில் நுழைந்த நாளுக்கும் பரிசோதனையில் பிடிபடும் நாளுக்கும் நடுவில் ஒரு இடைவெளி உண்டு. எச்.ஐ.வி.க்கு ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை என்றால் 45 நாள். விரல் நுனியில் குத்திச் செய்யும் விரைவுப் பரிசோதனை என்றால் 90 நாள். சிஃபிலிஸ் பெரும்பாலும் 6 வாரத்தில் தெரியும், 3 மாதத்தில் எடுத்தால் முடிவாகச் சொல்லலாம். கொனோரியா, கிளமிடியா இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி பெரும்பாலும் 2 மாதத்துக்குள் தெரியும். 3 மாதத்தில் சேர்த்தே பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் "நேத்து" என்று சொல்பவர்களுக்கு மட்டும் அவசரமான ஒரு விஷயம் இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்தால், எச்.ஐ.வி. வராமல் தடுக்க 28 நாள் மாத்திரை இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அது உங்களுக்குத் தேவையா என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். திங்கட்கிழமை போகலாம் என்று ஒத்திப்போடாமல், ஞாயிற்றுக்கிழமையானாலும் பெரிய அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். டெட்டால் மாதிரி எதையாவது ஊற்றிக் கழுவுவதால் தோல்தான் வேகும்.

4. "என்னென்ன டெஸ்ட்னு கேட்டு எடுக்கணும்?"

ரத்தத்தில் எச்.ஐ.வி., சிஃபிலிஸுக்கு வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர்., ஹெபடைட்டிஸ் பி, சி. கொனோரியாவும் கிளமிடியாவும் ரத்தத்தில் தெரியாது. சிறுநீரோ, உள்ளிருந்து பஞ்சுக் குச்சியில் எடுக்கும் மாதிரியோ வேண்டும். பெண்கள் மகப்பேறு டாக்டரிடம் காட்டி உள்பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

"முழு உடல் பரிசோதனை எடுத்தேன், எல்லாம் நார்மல்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனவர்கள் உண்டு. அந்தப் பொதுப் பேக்கேஜில் சர்க்கரையும் கொழுப்பும் இருக்கும், இவை பெரும்பாலும் இருக்காது. பெயர் சொல்லிக் கேட்டால்தான் எடுப்பார்கள்.

5. "இங்க போனா யாராவது பார்த்துருவாகளே?"

நியாயமான பயம். ரத்தம் எடுக்கிறவர் உங்கள் சின்னத்தா வீட்டுக்குப் பக்கத்து வளவாக இருப்பார், வரிசையில் முன்னால் நிற்கிறவர் பங்காளியாக இருப்பார். நான் கவனித்த வேடிக்கை ஒன்று: எங்களிடம் இதற்காக வந்தவர்களில் நிறையப் பேர் தேவகோட்டை, புதுவயல் பக்கம். காரைக்குடிக்காரர்கள் எங்கே போனார்கள் என்றால், தேவகோட்டைக்குத்தான்.

எந்த ஊரில் எடுத்தாலும் முடிவு ஒன்றுதான். அதனால் மனசு ஒப்பும் ஊரில் எடுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் "நம்பிக்கை மையம்" என்று பலகை போட்ட அறை இருக்கும். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். பால்வினை நோய்க்குத் தனியாக "சுகவாழ்வு மையம்" உண்டு. சிவகங்கை, புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பக்கத்தில் இருக்கின்றன, கூட்டத்தில் கரைந்துவிடலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டமே சொல்கிறது. நேரில் போகும் முன் பேசிப் பார்க்க 1097 என்ற இலவச எண் இருக்கிறது.

6. "மருந்துக் கடையில சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டா ஆகாதா? பஸ் ஸ்டாண்டு சுவத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்காகளே, லாட்ஜுக்கு வர்ற வைத்தியரு?"

இரண்டும் வேண்டாம். கடையில் கொடுக்கும் மூன்று நாள் ஆன்டிபயாட்டிக் எரிச்சலை மட்டும் அடக்கும், கிருமி அரைகுறையாகத் தங்கிவிடும். அதற்குப் பிறகு பரிசோதனைக்கு வந்தால் எங்களுக்கும் சரியாகப் பிடிபடாது. லாட்ஜ் அறையில் உட்கார்ந்து "மேக வெட்டை, நரம்புத் தளர்ச்சி, எல்லாவற்றுக்கும் லேகியம்" என்று சொல்பவர்களிடம் நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே விற்பது பயம்தான்.

சுகவாழ்வு மையத்தில் நோய்க்குறியைப் பார்த்து, சாம்பல், பச்சை, வெள்ளை என்று நிறம் பிரித்த மருந்துப் பொட்டலத்தை இலவசமாகத் தருகிறார்கள். சிஃபிலிஸின் ஆரம்பத்துக்கு ஒரே ஒரு வேளை பென்சிலின் ஊசி போதும்.

7. "எனக்கு வெள்ளைப்படுது. அப்ப அவுககிட்ட இருந்து வந்ததுதானே?"

அவசரப்பட வேண்டாம். தயிர் மாதிரி திரிந்து அரிப்போடு வந்தால் பெரும்பாலும் பூஞ்சை. மீன் வாடையோடு வந்தால், உள்ளே இயல்பாக இருக்கும் நல்ல கிருமிகள் குறைந்ததால் வரும் கோளாறாக இருக்கலாம். இரண்டுமே எந்தத் தவறும் நடக்காத வீட்டிலும் வருபவை. சர்க்கரை கூடினாலும் வரும், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாலும் வரும்.

ஆண்களுக்கும் இதே கதை உண்டு. முன்தோல் சிவந்து அரிக்கிறது என்று ஒருவர் வந்தார். மனைவி பெட்டியைக் கட்டி வைத்துவிட்டார். பார்த்தால் சர்க்கரைக்குப் புதிதாக டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை தொடங்கியிருக்கிறார். அது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். அந்த வீட்டில் ஒரு வாரம் அடுப்பு எரியவில்லை. இதெல்லாம் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது, நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியது இல்லை.

8. "மாசமா இருக்கப்ப எல்லா டெஸ்டும் எடுத்தாகளே, அது போதாதா?"

கர்ப்பத்தில் எச்.ஐ.வி., சிஃபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி எடுப்பார்கள். அன்றைய தேதிக்கு அது சரி. அதற்குப் பிறகு நடந்ததற்கு அது சாட்சி சொல்லாது.

இப்போது மாசமாக இருக்கும்போது விஷயம் தெரிய வந்தால், வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லி மறுபடி எடுங்கள். தாய்க்கு மருந்து கொடுத்தால் சிஃபிலிஸ் குழந்தைக்குப் போகாமல் தடுக்கலாம். எச்.ஐ.வி.யே இருந்தாலும் சரியான நேரத்தில் மருந்து தொடங்கினால் பெரும்பாலும் குழந்தைக்குத் தொற்றாது. "கணவருக்கு வேறு தொடர்பு இருந்தது" என்ற ஒரு வாக்கியம் போதும், கதை முழுவதும் சொல்ல வேண்டாம்.

9. "மூணு மாசம் எப்படிக்கா ஓட்டுறது? ராத்திரி தூக்கமே இல்ல."

இதுதான் கஷ்டம். ஊசியெல்லாம் ஒன்றுமில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைப் பல பேர் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள்.

நான் சொல்லி, சிலருக்கு உதவியது இது. பரிசோதனைத் தேதிகளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். "பால் கணக்கு" என்று எழுதுங்கள், யாருக்கும் தெரியாது. அந்தத் தேதிக்கு நடுவில் பயம் வந்தால், "இதற்கு 14-ஆம் தேதி பதில் கிடைக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரே ஒரு ஆளிடம் சொல்லுங்கள். பெரிய வீட்டில் எல்லோரிடமும் சொன்னால் ஊர் தீர்ப்பு எழுதிவிடும். யாரிடமும் சொல்லாமலே இருந்தால் உடம்பு தாங்காது. தங்கச்சியோ, கல்லூரித் தோழியோ, அறிவுரை சொல்லாமல் கேட்கிற ஒருவர் போதும். ராத்திரி பத்து மணிக்கு மேல் போனில் நோய்களின் படங்களைத் தேடுவதை நிறுத்துங்கள். அவருடைய பழைய மெசேஜ்களைத் திரும்பத் திரும்பப் படிப்பதையும்தான்.

உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு வந்தால், தாமதிக்காமல் 14416-க்கோ 104-க்கோ கூப்பிடுங்கள். இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம், நடு ராத்திரியிலும் எடுப்பார்கள்.

10. "நெகட்டிவ்னு வந்துருச்சு. ஆனா மனசு நம்ப மாட்டேங்குது. இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கவா?"

3-ஆம் கேள்வியில் சொன்ன இடைவெளி தாண்டி எடுத்ததா? நடுவில் புதிதாக உறவு எதுவும் இல்லையா? அப்படியானால் அது முடிவான பதில். மறுபடி எடுக்க வேண்டாம்.

ஒருவர் ஒரே வருடத்தில் ஒன்பது முறை எடுத்தார். ஒவ்வொரு முறையும் முடிவைப் பார்த்து முகம் மலரும், இரண்டு வாரம் தாங்கும், அப்புறம் "ரத்தம் மாறியிருக்குமோ" என்று வந்து நிற்பார். ஐந்தாவது தடவைக்குப் பிறகு நான் பணம் வாங்க மறுத்தேன், வேறு லேபுக்குப் போனார். பயத்தைத் தணிக்க எடுக்கும் பரிசோதனை, அடுத்த பயத்துக்குத் தீனி போடும். நாக்கைக் கண்ணாடியில் பார்ப்பது, போன் டார்ச்சில் அந்தரங்கத்தைத் தேடுவது, கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று அமுக்கி அமுக்கி அதையே வீங்க வைப்பது, எல்லாம் ஒரே வகை. பதற்றமே எடையைக் குறைக்கும், வயிற்றைக் கலக்கும், வாயை வறட்டும், எரிச்சலையும் தரும். அவற்றை எச்.ஐ.வி. அறிகுறி என்று நினைத்துப் பயம் இன்னும் கூடும்.

அவருக்கு வேண்டியிருந்தது மனநல டாக்டர். கடைசியில் போனார், சில மாதத்தில் தேறினார். இது பைத்தியத்துக்கான வைத்தியம் என்று நினைக்காதீர்கள். குற்ற உணர்ச்சி அதிகம் உள்ளவர்களுக்கு இந்தச் சுழல் அதிகம் என்பது என் அனுபவம். தண்டனை வராமல் போனதை அவர்களால் நம்ப முடிவதில்லை.

11. "பாசிட்டிவ்னு வந்துட்டா?"

முதலில் உறுதி செய்ய வேண்டும். நம்பிக்கை மையத்தில் ஒரே ரத்தத்தை மூன்று வெவ்வேறு கிட்டில் பார்த்துத்தான் எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று சொல்வார்கள். வி.டி.ஆர்.எல். கர்ப்பத்திலும் வேறு சில நோய்களிலும் பொய்யாகக் காட்டும், டி.பி.ஹெச்.ஏ. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை வைத்து உறுதி செய்வார்கள். அந்த டி.பி.ஹெச்.ஏ. சிகிச்சைக்குப் பிறகும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் பாசிட்டிவ் காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இந்தியாவில் முதன்முதலாக, 1986-இல் சென்னையில், எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்ட காலத்துப் பயத்தோடுதான் இன்னும் பலர் இருக்கிறார்கள். இன்று எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை இலவசம், பெரும்பாலோருக்கு நாளைக்கு ஒன்று. ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவில் அடுத்தவருக்குத் தொற்றாது. கொனோரியா, கிளமிடியா, சிஃபிலிஸ் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும்: இருவரும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டும், டாக்டர் சொல்லும் வரை உறவு கூடாது. ஒருவர் மட்டும் எடுத்தால் அவரிடமிருந்து இவருக்கு, இவரிடமிருந்து அவருக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

12. "வீட்டுல மாமியா, பிள்ளைகள்லாம் இருக்காக. ஒரே பாத்ரூம், ஒரே தட்டு..."

பரவாது. சாப்பாடு, துணி, கழிவறை, கொசு எதனாலும் எச்.ஐ.வி. வராது. சவரப் பிளேடும் பல் தூரிகையும் மட்டும் அவரவருக்குத் தனியாக இருக்கட்டும்.

13. "எனக்கு ஹெர்பிஸ்ங்கிறாக. அப்ப இந்த வருசம்தானே தப்பு நடந்திருக்கணும்?"

சொல்ல முடியாது. ஹெர்பிஸ் நரம்பில் வருடக்கணக்கில் தூங்கும், உடம்பு அசந்த நேரத்தில் முதல் முறையாகக் கொப்புளமாக வரும். கல்யாணத்துக்கு முன்பே வந்திருக்கலாம், அவரிடமிருந்தோ உங்களிடமிருந்தோ வந்திருக்கலாம். வாயில் வரும் கொப்புளத்தின் கிருமியே கீழேயும் வரலாம். கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி.யும் அப்படித்தான், பத்து வருடம் கழித்தும் தெரியலாம்.

லேப் ரிப்போர்ட்டில் தேதி இருக்கும், அது ரத்தம் எடுத்த தேதி. தப்பு நடந்த தேதி அதில் கிடையாது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதும் கிடையாது. இதை வைத்துப் பஞ்சாயத்து வைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். முடிவில் யாருக்கும் வைத்தியம் நடந்திருக்காது.

14. "அவுக டெஸ்டுக்கு வரமாட்டேங்கிறாக."

கட்டாயப்படுத்த முடியாது. நீங்கள் உங்களுடையதை எடுங்கள். அவருக்கு நெகட்டிவ் என்றால் உங்களுக்கும் நெகட்டிவ் என்றோ, உங்களுக்கு என்றால் அவருக்கும் என்றோ அர்த்தமில்லை. அவர் எடுத்துக் காட்டும் வரை ஆணுறை இல்லாமல் உறவு வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. "உன்னை நம்பலைன்னு இல்ல, ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்துருவோம்" என்ற பேச்சு சில ஆண்களிடம் எடுபட்டது. சண்டைக்கு நடுவில் சொன்னால் எடுபடாது. அடி, மிரட்டல் என்று போனால் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள்.

15. "தப்பு பண்ணினது நான்தான். வீட்ல சொல்லாமலே டெஸ்ட் எடுத்து, மருந்தும் போட்டுக்கிட்டா போதுமா?"

முடிவு வரும் வரை ஏதோ ஒரு சாக்குச் சொல்லி விலகி இருங்கள், அல்லது ஆணுறை போடுங்கள். நெகட்டிவ் என்றால் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் மனசாட்சி. அதில் நான் தலையிடவில்லை.

பாசிட்டிவ் என்றால் சொல்லத்தான் வேண்டும். மருந்தைப் பொடித்துப் பாலில் கலந்து மனைவிக்குக் கொடுத்த ஒருவர் இருந்தார். சத்து மாத்திரை என்று சொன்னவரும் இருந்தார். அந்தப் பெண்ணுக்கு பென்சிலின் ஒவ்வாமை இருந்திருந்தால்? அவள் மாசமாக இருந்திருந்தால்? எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால், ஆலோசகர் முன்னால் வைத்துச் சொல்லலாம். நம்பிக்கை மையத்தில் அதற்கென்றே ஆள் இருக்கிறார்.

16. "இந்த ரிப்போர்ட்ட வச்சு கோர்ட்டுக்குப் போகலாமா?"

கள்ள உறவு குற்றம் என்ற இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவை 2018-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. விவாகரத்துக்குக் காரணமாக அது இன்னும் இருக்கிறது. ரிப்போர்ட் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை 13-இல் சொல்லியிருக்கிறேன். மற்றது வக்கீல் வேலை.

17. "ரெண்டு பேருக்கும் எல்லாம் நெகட்டிவ். திரும்பச் சேர்ந்திருக்கலாம்ல?"

உடம்பைப் பொறுத்தவரை தடையில்லை. மற்றதற்கு நான் ஆளில்லை. ஒன்றைப் பார்த்திருக்கிறேன்: நெகட்டிவ் வந்த அன்றே "இனி அதைப் பற்றிப் பேசக் கூடாது" என்று முடித்துவைக்கப் பார்க்கிறார்கள். ஏமாந்த பெண்ணுக்கோ அன்றுதான் பயம் விலகி, அழுகை ஆரம்பிக்கும். அவளை அழ விடுங்கள்.

18. "ரிப்போர்ட்ட என்ன செய்றது? பெட்டகத்துல வைக்க முடியாது, சாவி மாமியாட்ட இருக்கு."

போனில் படம் எடுத்துப் பூட்டி வைத்துவிட்டுக் காகிதத்தைக் கிழித்துவிடலாம். பாசிட்டிவாக இருந்தால் கிழிக்க வேண்டாம், டாக்டர் கேட்பார்.

ஹெபடைட்டிஸ் பி நெகட்டிவ் என்றால் கையோடு தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. அந்த அட்டையை யார் பார்த்தாலும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள், வெளியிலேயே வையுங்கள். நடுவில் தேதி தவறிப்போனால் முதலிலிருந்து போட வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.